நிலமும் பொழுதும் விலைபோன கதை: தியெஷியை முன்வைத்து

1

சீனத்தின் வடகிழக்கில், லியாவ்னிங் மாகாணத் தலைநகரான ஷென்யாங்கில், தியெஷி என்று ஒரு பகுதி இருக்கிறது. ஒருகாலத்தில் அந்த நாட்டின் கனரகத் தொழில்களுக்குத் தலைவாசல். 1990களில் ஆலைகள் வரிசையாக முடங்கி, பல்லாயிரக்கணக்கான தொழிலாளர்கள் தெருவுக்கு வந்த இடம். இந்த நூற்றாண்டில் இதைப் பற்றியும் இதைச் சூழ்ந்த வடகிழக்கைப் பற்றியும் ஏராளமான படங்களும் கதைகளும் தொலைக்காட்சித் தொடர்களும் வந்துவிட்டன. அவற்றின்மேல் விமர்சனங்களும் குவிந்துவிட்டன. எல்லாவற்றையும் ஒருசேர வைத்துப் பார்க்கும்போது ஒரு விஷயம் உறுத்துகிறது. பெரும்பாலோர் ஒரு மனநிலையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். பனி, துரு, புகை வராத புகைபோக்கி, குடிக்கிற அப்பா, எங்கோ போய்விட்ட அம்மா. ரொம்ப அழகான சோகம். படிக்கிறவருக்கும் அதில் ஒரு சுகம் கிடைத்துவிடுகிறது. இந்தச் சுகத்தின் மீதுதான் எனக்குச் சந்தேகம்.

தமிழ் எம்.ஏ. வகுப்பில் நெட்டுருப் போட்ட ஒரு பாகுபாடு இங்கே உதவுகிறது. முதல், கரு, உரி. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தின் உணவு, தொழில், தெய்வம் இன்ன பிற கருப்பொருள். அங்கே வாழ்கிறவர்களின் மன ஒழுக்கம் உரிப்பொருள். இம்மூன்றில் முதலைவிடக் கருவும் கருவைவிட உரியும் சிறந்தது என்று உரைகாரர்கள் சொல்வார்கள். கவிதைக்கு அது சரி. விமர்சனமும் அதே வரிசையில் போனால் என்ன ஆகும்? தியெஷிக்கு நேர்ந்திருப்பதுதான் ஆகும். உரிப்பொருளில் தொடங்கி உரிப்பொருளிலேயே முடிந்துவிடும். நிலம் யாருடையது, பொழுது யாருடையது என்ற கேள்விகள் பின்னணிக் காட்சியாகக் கரைந்துபோகும்.

தமிழில் 'முதல்' என்ற சொல்லுக்குக் கடைத்தெருவில் இன்னொரு பொருளும் உண்டு. முதல் போட்டவன் முதலாளி. இலக்கணத்தின் முதலும் கடைத்தெருவின் முதலும் ஒரே சொல்லாக இருப்பதைத் தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். தியெஷியில் முதற்பொருள் முதலாக மாறியது தற்செயல் இல்லை. அங்கே நிலம் விற்கப்பட்டது. மனிதர்களின் பொழுதும் விலைக்கு வாங்கப்பட்டது. இந்த இரண்டு வியாபாரங்களையும் சேர்த்து வாசிக்காமல் தியெஷியின் இலக்கியத்தை வாசிக்க முடியாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

2

பெயரிலிருந்து தொடங்கலாம். தியெ என்றால் இரும்பு, ஷி என்றால் மேற்கு. இது ஆலையில் உருகிய இரும்பு அல்ல, தண்டவாள இரும்பு. நாம் இருப்புப்பாதை என்கிற மாதிரி சீனத்திலும் ரயில் பாதைக்கு இரும்புச் சாலை என்றுதான் பெயர். ஆக, இருப்புப்பாதைக்கு மேற்கே உள்ள இடம் என்பது பொருள். சரி, எங்கே நின்று பார்த்தால் மேற்கு? கிழக்கே நின்றால்தானே! இங்கே குடியிருப்பவர்களை இந்தப் பெயர் கேட்டிருக்கவில்லை. பாதைக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்தவனின் கண் இந்தப் பெயருக்குள் உட்கார்ந்திருக்கிறது.

அந்தப் பாதை 1898க்குப் பிறகு ரஷ்யா போட்டது. ஹார்பினிலிருந்து தாலியான் துறைமுகத்துக்குப் போவது. 1905இல் ஜப்பானிடம் தோற்ற ரஷ்யா போர்ட்ஸ்மத் உடன்படிக்கையில் இதன் தென்பகுதியைக் கொடுத்துவிட்டுப் போனது. தென் மஞ்சூரிய ரயில்வே என்ற ஜப்பானியக் கம்பெனி அதை எடுத்துக்கொண்டது. 1910இல் கட்டிய ரயில் நிலையத்தின் முகப்பு கிழக்குப் பார்த்தது. ஜப்பானியர்களின் வங்கிகளும் ஓட்டல்களும் சதுக்கங்களும் அந்தப் பக்கம். நிலையத்தின் முதுகு தியெஷியின் பக்கம். மேற்கேயும் ஒரு முகப்பு வேண்டும் என்று தோன்றுவதற்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

1931 செப்டம்பர் 18இல் ஷென்யாங் அருகே தண்டவாளத்தில் தாங்களே குண்டு வைத்துவிட்டு, அதையே சாக்காக வைத்து ஜப்பானிய ராணுவம் மஞ்சூரியாவைப் பிடித்தது. மறு வருஷம் மஞ்சுகோ என்ற பொம்மை அரசு முளைத்தது. முதுகுப்பக்கம் கிடந்த நிலம் அதற்குப் பிறகுதான் திட்டமிட்ட தொழிற்பேட்டையாயிற்று. மித்சுபிஷி, சுமிதோமோ போன்ற பெருங்குழுமங்கள் ஆலை போட்டன. கிழக்கு மேற்காக ஓடும் ஒரு பெருஞ்சாலை, வடக்கே ஆலைகள், தெற்கே வீடுகள். 'தெற்கே வீடு, வடக்கே ஆலை' என்று இன்றைக்கும் இந்த அமைப்பை நான்கே எழுத்தில் சொல்வார்கள். காலையில் சைக்கிள் கூட்டம் தெற்கிலிருந்து வடக்கே போகும், சாயங்காலம் வடக்கிலிருந்து தெற்கே திரும்பும். ஒரு மனித நாளை ஒரு சாலை இரண்டாக வகுத்து வைத்திருந்தது.

1945இல் வந்த சோவியத் படை இயந்திரங்களைக் கழற்றி ரயிலேற்றிக்கொண்டு போனது. 1948 நவம்பரில் கம்யூனிஸ்டுகள் ஷென்யாங்கைப் பிடித்தார்கள். அந்தப் பெருஞ்சாலை ஜியான்ஷெ, அதாவது 'நிர்மாணம்' என்ற பெயரில் விளங்கலாயிற்று. குறுக்குத் தெருக்களின் பெயர்களில் 'கோங்' என்ற எழுத்து வரிசையாக வரும். வேலை, தொழில், தொழிலாளி எல்லாவற்றுக்கும் அதுதான் எழுத்து. பாவ்கோங், வெய்கோங், சீகோங், ஜோங்கோங். பெயர்கள் எதுவானால் என்ன, கோடுகள் ஏகாதிபத்தியம் போட்டவைதான். புரட்சி அந்த வரைபடத்தை அழிக்கவில்லை. அதை நிரப்பியது. ஆட்சி மாறும்போது சொல்லாடல் மாறும், நிலத்தின் தர்க்கம் அத்தனை லேசில் மாறாது என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

3

முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் சோவியத் உதவியோடு 156 பெருந்திட்டங்கள் வகுக்கப்பட்டன. அவற்றில் 24 லியாவ்னிங்குக்குப் போயின. தியெஷியின் பொற்காலம் என்று எழுதப்படுவது இதிலிருந்து தொடங்குகிறது. அதற்கும் முன்னால், 1951இல், பீகிங்கின் தியானன்மென் வாசலில் மாட்டுவதற்கான உலோகத் தேசியச் சின்னம் தியெஷியின் முதலாம் இயந்திர ஆலையில்தான் வார்க்கப்பட்டது. சின்னத்தில் நெற்கதிரும் கோதுமைக் கதிரும் சுற்றி வர, அடியில் ஒரு பல்சக்கரம். வார்த்தவர்கள் தொழிலாளர்கள். வார்த்த ஆலையின் பூர்வீகம் மித்சுபிஷி. 'குடியரசின் மூத்த மகன்' என்ற பட்டத்தை வடகிழக்குக்குக் கொடுத்தவர்கள் இந்தப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை அதிகம் புரட்டிப் பார்ப்பதில்லை.

1952இல் ஜியான்ஷெ சாலைக்குத் தெற்கே 'தொழிலாளர் கிராமம்' எழும்பத் தொடங்கியது. சோவியத் பாணியில் மூன்று மாடிச் செங்கல் கட்டடங்கள். மாடியும் கீழும், மின்விளக்கும் தொலைபேசியும் என்று கனவாகச் சொன்னது கண்முன்னே நின்றது. வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், குளியல் மண்டபம், சினிமா டிக்கெட், ஓய்வூதியம் எல்லாம் ஆலையின் பொறுப்பு. 'தான்வெய்' என்று இதற்குப் பெயர். வேலை பார்க்கும் இடம் என்று மொழிபெயர்த்தால் பாதிதான் வரும். பிறப்பு முதல் இறப்புவரை ஒரு மனிதனின் பெயர் எந்தப் பேரேட்டில் இருக்கிறதோ அந்தப் பேரேடு என்று சொன்னால் ஓரளவு நெருங்கலாம். இதில் கிடைத்த உத்தரவாதத்தைத்தான் 'இரும்புச் சோற்றுக் கிண்ணம்' என்றார்கள். கீழே விழுந்தாலும் உடையாது.

கிண்ணம் இரும்பு, சரி. சோறு எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியை தியெஷி பற்றிய ஏக்கப் பிரதிகள் கேட்பதில்லை. 1953இல் தானியக் கொள்முதல் அரசின் ஏகபோகமாயிற்று. விவசாயியின் விளைச்சலுக்குக் குறைந்த விலை, ஆலைப் பொருளுக்கு உயர்ந்த விலை. இந்த இரண்டு விலைகளின் கத்தரிக்கோல் இடைவெளியில்தான் கனரகத் தொழிலுக்கான உபரி திரட்டப்பட்டது. 1958இல் குடிப்பதிவுச் சட்டம் வந்தது. கிராமத்தான் கிராமத்தான்தான், நகரத்துக்குக் குடிபெயர முடியாது. 1959 முதல் 1961 வரையிலான பஞ்சத்தில் செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்தார். தியெஷித் தொழிலாளி சுரண்டப்படவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அவனுக்குக் கிடைத்த மரியாதை, வேறொருவன் விளிம்புக்குத் தள்ளப்பட்டதன்மேல் எழுப்பப்பட்டது. தேசியச் சின்னத்தில் கதிர்கள் பல்சக்கரத்தைச் சுற்றி வளைந்து நிற்பதை அலங்காரமாக மட்டும் பார்த்துவிட்டுப் போக முடியவில்லை.

இன்னொன்று. மூத்த மகன் என்கிறார்கள். மகள்? ஆலைகளில் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்தார்கள். அப்போதைய விதிப்படி ஆண் தொழிலாளிக்கு ஓய்வு வயது 60, பெண் தொழிலாளிக்கு 50. ஆட்குறைப்பு வந்தபோது முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் பெண்களே விகிதத்துக்கு அதிகமாக இருந்தார்கள். குடும்ப உருவகத்தில் பேசும் அரசு, கஷ்டம் வந்ததும் குடும்பம் செய்வதைத்தான் செய்தது.

4

1986 ஆகஸ்டில் ஷென்யாங்கில் ஒரு சிறு ஆலை திவாலானதாக அறிவிக்கப்பட்டது. வெடிப்புத் தடுப்புச் சாதனங்கள் செய்த கூட்டுடைமை ஆலை. மக்கள் சீனத்தில் திவால் என்ற சொல் ஒரு ஆலையின்மேல் முதன்முதலாக ஒட்டப்பட்டது அங்கேதான். அந்த வருஷக் கடைசியில் திவால் சட்டமும் வந்தது. ஆனால் பெரு வெட்டு விழுந்தது 1997க்குப் பிறகு. பெரியதைப் பிடித்துக்கொள், சிறியதை விட்டுவிடு என்பது கட்சியின் 15ஆவது மாநாடு உறுதிசெய்த கொள்கை. நாடு முழுவதும் 1998இலிருந்து சில ஆண்டுகளுக்குள் 2 கோடிக்கு மேற்பட்ட அரசுத்துறைத் தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். மனித வரலாற்றில் சமாதான காலத்தில் இப்படி ஒரு ஆட்குறைப்பு அபூர்வம்.

இவர்களை 'வேலையற்றோர்' என்று அரசு சொல்லவில்லை. சோஷலிசத்தில் வேலையின்மை இருக்கலாமோ? 'ஷியாகாங்' என்று ஒரு சொல். காவல் நிற்கும் இடத்திலிருந்து கீழிறங்குதல் என்பது நேர்ப்பொருள். முறை முடிந்து காவலாளி இறங்கிப் போகிற மாதிரி. பேரேட்டில் பெயர் இருக்கும், வேலை இருக்காது, சம்பளத்துக்குப் பதில் ஒரு சிறு தொகை. அதுவும் ஒழுங்காக வராது. ஒரு சொல் செய்கிற அதிகார வேலையைப் பாருங்கள். தள்ளியவன் யார் என்பதைச் சொல்லாமலேயே, இறங்கியவனை மட்டும் வாக்கியத்தில் நிறுத்துகிறது. எழுவாய் இருக்கிறது, வினைமுதல் காணாமல் போகிறது.

இதைவிட முக்கியமானது 'மாய்துவான் கோங்லிங்' என்ற தொடர். உழைத்த வருஷங்களை விலை கொடுத்து வாங்கி, உறவை அறுத்துவிடுவது. நம்மூர் ஆலைப் பேச்சில் கணக்கு முடித்து அனுப்புவது என்போம். இருபது வருஷம், முப்பது வருஷம் உழைத்தவரிடம் வருஷத்துக்கு இவ்வளவு என்று போட்டு ஒரே தொகையாகக் கொடுத்து, இனி உனக்கும் ஆலைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று கையெழுத்து வாங்குதல். உழைப்புச் சக்தி விற்கப்படும் பண்டம் என்பதை மார்க்சிடம் படித்திருக்கிறோம். இங்கே விற்கப்பட்டது ஏற்கெனவே செலவழிந்துபோன உழைப்பு, கடந்துபோன காலம். அந்த வருஷங்களோடு சேர்ந்திருந்த ஓய்வூதியம், மருத்துவம், வீடு பற்றிய வாக்குறுதிகளும் அந்த ஒரே கையெழுத்தில் போயின. பொழுது என்ற முதற்பொருள் விலைபோன கதை இதுதான்.

நிலத்தின் கதை கொஞ்சம் தாமதமாக வருகிறது. 1982 அரசியல் சட்டப்படி நகர நிலம் அரசுக்குச் சொந்தம். 1988 திருத்தத்தின்படி நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையைக் கைமாற்றலாம். ஆலை நட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் அடியில் கிடந்த மண் லாபத்தில் போய்க்கொண்டிருந்தது. சுமார் 40 சதுர கிலோமீட்டர், ஒரு பெருநகரத்தின் நடுவே, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில்! 2002 ஜூனில் பழைய தியெஷியை அதற்கு மேற்கே இருந்த பொருளாதாரத் தொழில்நுட்ப வளர்ச்சி மண்டலத்தோடு சேர்த்தார்கள். சூத்திரம் எளியது. கிழக்கேயிருந்து ஆலைகளைப் பெயர், மேற்கே கொண்டுபோய்க் கட்டு. நகர்ப்புற மண்ணை அடுக்குமாடிக் கம்பெனிகளுக்கு விற்று வருகிற பணத்துக்கும், ஒதுக்குப்புற மண்ணுக்கு ஆகிற செலவுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஆலைக் கடன், புது இயந்திரம், தொழிலாளிக்குக் கொடுக்கவேண்டிய பாக்கி எல்லாவற்றையும் சமாளி. 2003இல் 'வடகிழக்கை மறுமலர்ச்சி பெறச் செய்தல்' மத்தியக் கொள்கையானதும் தியெஷி முன்மாதிரியாயிற்று.

இது வெறும் மோசடி என்று ஒரே போடாகப் போட்டுவிட முடியாது. பாக்கிச் சம்பளம் பலருக்குக் கிடைத்தது இந்தப் பணத்தில்தான். 1936இலிருந்து காரீயத்தையும் செம்பையும் உருக்கி நகரத்தையே நச்சுப்படுத்திய ஷென்யாங் உருக்காலை 2000இல் மூடப்பட்டதும், அதன் 100 மீட்டர்ப் புகைபோக்கிகள் மூன்றும் 2004 மார்ச்சில் தகர்க்கப்பட்டதும் சுவாசிக்கிறவர்களுக்கு நல்ல செய்தி. என் கேள்வி வேறு. அந்த மண்ணுக்கு அந்த விலை எப்படி வந்தது? ஐம்பது வருஷம் அங்கே சாலையும் குழாயும் வீடும் பள்ளியுமாக ஒரு நகரத்தை உண்டாக்கியது யாருடைய உழைப்பு? உண்டாக்கியவர்களின் காலத்தை முதலில் மலிவு விலைக்கு வாங்கிக் கணக்கு முடித்தாயிற்று. அதற்குப் பிறகு நிலத்தை நல்ல விலைக்கு விற்றாயிற்று. இந்த முன்பின் வரிசை இருக்கிறதே, அதில்தான் பொருளாதாரம் இருக்கிறது. நிலம் விற்கும்போது உரிமை கேட்க அங்கே சட்டப்படி யாரும் இல்லை.

இன்று வடக்கு இரண்டாம் சாலையில் பேராலைகள் நின்ற இடத்தில் கார் விற்பனைக் கூடங்கள் வரிசையாக நிற்கின்றன. 2010இல் திறந்த மெட்ரோவின் முதலாம் வழித்தடத்தில் பாவ்கோங், சீகோங், ஜோங்கோங் என்று நிலையப் பெயர்கள் அறிவிக்கப்படுகின்றன. ஜோங்கோங் என்றால் கனரகத் தொழில். இறங்கி மேலே வந்தால் அடுக்குமாடிகள்.

5

இந்த முதற்பொருளை நேருக்கு நேர் பார்த்த ஒரே பெரிய படைப்பு என்று நான் கருதுவது வாங் பிங்கின் 'தியெஷி மாவட்டம்' என்ற ஆவணப்படம். 2003இல் முழுமையாக வந்தது, ஒன்பது மணி நேரத்துக்கும் மேல். வாங் பிங் ஷென்யாங்கின் லூ சுன் நுண்கலைக் கழகத்தில் புகைப்படக் கலை படித்தவர். கழகம் இருப்பது பாதைக்குக் கிழக்கே. ஒரு சின்ன டிஜிட்டல் கேமராவோடு பாதையைத் தாண்டி மேற்கே வந்து, 1999 கடைசியிலிருந்து 2001 வரை படமெடுத்தார்.

படம் மூன்று பகுதி. முதல் பகுதி 'துரு', ஆலைகள். இரண்டாவது யான்ஃபென் தெரு, வீடுகள். மூன்றாவது தண்டவாளம். தியெஷியின் வரைபடம்தான் படத்தின் கட்டமைப்பு என்பதை இதுவரை நாம் பார்த்த பூகோளத்தோடு வைத்துப் பார்த்தால் உடனே புரியும். பனியில் மெதுவாக நகரும் சரக்கு ரயிலின் முகப்பிலிருந்து எடுத்த நீண்ட காட்சியோடு படம் ஆரம்பிக்கிறது. யாரும் பேசுவதில்லை. நிலம் கடந்து போகிறது, பொழுது கடந்து போகிறது. பார்வையாளனுக்கு அலுப்புத் தட்டும், தட்டட்டும். வாங் பிங் நமக்குக் காட்டுகிற பொருளே அதுதான். மற்றவர்கள் விலைபேசி முடித்த பொழுதை அவர் நிமிஷம் நிமிஷமாகத் திருப்பித் தருகிறார். ஓய்வறையில் சீட்டாடுகிறார்கள், குளிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், ஆலை மூடப்போகிறது என்கிறார்கள். ரத்தத்தில் ஏறிய காரீயத்தை எடுக்க உருக்காலைக்காரர்கள் சிகிச்சைக்குப் போகிறார்கள். உழைத்த வருஷங்கள் உடம்பிலும் ஒரு கணக்கு எழுதியிருக்கின்றன. அந்தக் கணக்கை எந்தத் தொகையும் முடித்துவைப்பதில்லை.

யான்ஃபென் தெருப் பகுதி ஒரு லாட்டரிக் குலுக்கலோடு தொடங்குகிறது. ஒலிபெருக்கியில் அதிர்ஷ்டம் விற்கிறார்கள். பிறகு வீடுகளை இடிக்கும் அறிவிப்பு வருகிறது. மாற்று வீடு சிறியது என்று சிலர் போக மறுக்கிறார்கள். மின்சாரமும் தண்ணீரும் நிறுத்தப்படுகின்றன. அழுது வடியும் இசை கிடையாது. சோகம் என்று எதையும் அவர் அடிக்கோடிடவில்லை. அதனால்தான் நிலம் கைமாறுவதை நம்மால் பார்க்க முடிகிறது.

6

யான்ஃபென் தெரு ஒரு இலக்கியப் பெயராயிற்று. ஆங்கிலத்தில் வாங் பிங்கின் படத்தில் அது 'வானவில் வரிசை' என்ற பொருளிலும், ஷுவாங் ஷுவெதாவின் குறுநாவல்கள் 2022இல் ஆங்கிலத்தில் வந்தபோது 'கன்னச்சாயத் தெரு' என்ற பொருளிலும் போயிருக்கிறது. ஷென்யாங்கில் எந்த மனிதரும் கன்னத்துக்குச் சாயம் பூசிக்கொள்ள அங்கே போனதில்லை. குடிசையும் குப்பையுமாகக் கிடந்த ஓரம். மொழிபெயர்ப்பில் ஒரு நிலம் எப்படி மணம் பெறுகிறது என்பதற்கு இது ஒரு சிறு உதாரணம்.

ஷுவாங் 1983இல் பிறந்தவர். இவரையும் பான் யூவையும் ஜெங் ஜியையும் சேர்த்து 'தியெஷியின் மூன்று வாள்வீரர்கள்' என்பார்கள். விமர்சகர் ஹுவாங் பிங் 2020இல் 'புதிய வடகிழக்கு எழுத்தாளர் குழாம்' என்ற பெயரை முன்வைத்து விவாதித்தார். ஜப்பானிய ஆக்கிரமிப்புக்குத் தப்பி 1930களில் தெற்கே வந்து எழுதிய ஷியாவ் ஹோங் முதலானவர்களின் குழாமை நினைவுபடுத்தும் பெயர் இது. முன்னவர்கள் நிலத்தை இழந்தது அந்நியனிடம். இவர்களின் தகப்பன்மார் யாரிடம் இழந்தார்கள் என்ற கேள்வியை அந்தப் பெயரே எழுப்புகிறது.

ஷுவாங்கின் 'சமவெளியில் மோசஸ்' இந்தக் கேள்விக்கு நெருக்கமாக வருகிற கதை. பலர் மாறி மாறித் தன்மையில் சொல்லும் துப்பறியும் கதைபோல ஓடும். அண்டை வீட்டார் இருவர். ஒருவர் டிராக்டர் ஆலையில் வேலை இழக்கும் தொழிலாளி. இன்னொருவர் சிகரெட் ஆலை தனியார்மயமானபோது அதன் முதலாளியாகிவிடுகிறவர். 1995இல் டாக்ஸி ஓட்டுநர்கள் தொடர்ச்சியாகக் கொல்லப்படுகிறார்கள். கொன்றது யார் என்ற மர்மம் கதையை இழுத்துக்கொண்டு போகிறது. எனக்கு அந்த மர்மத்தைவிட, ஒரே சுவரின் இரண்டு பக்கமும் இருந்த குடும்பங்களில் ஒன்று எப்படி மேலே போனது, மற்றொன்று எப்படிக் கீழே போனது என்பதுதான் குற்றக் கதை. ஷுவாங்குக்கும் அது தெரிந்திருக்கிறது. சதுக்கத்திலிருக்கும் தலைவரின் சிலையைப் பெயர்ப்பதை எதிர்த்து முன்னாள் தொழிலாளர்கள் உட்கார்ந்திருக்கும் காட்சியில் அது தெரிகிறது. அவர்கள் காக்க வந்தது சிலையையா, சிலையின் காலத்தில் தங்களுக்கு இருந்த மரியாதையையா என்று கதை தீர்ப்புச் சொல்வதில்லை.

ஆனாலும் இந்த எழுத்துகளில் பெரும்பாலானவை மகன் சொல்லும் தகப்பன் கதைகள். மூத்த மகன் என்று அரசு சொன்ன அதே உருவகத்தை, அரசிடமிருந்து பிடுங்கி, தகப்பனுக்கு அஞ்சலியாகத் திருப்பித் தருகிறார்கள். தாய் கதையில் வந்தாலும் பல சமயம் வீட்டை விட்டுப் போகிறவளாகவே வருகிறாள். ஆலையில் அவளுக்கும் ஒரு பேரேட்டு எண் இருந்தது, அவளுடைய வருஷங்களும் விலைபேசப்பட்டன என்பது கதையின் ஓரத்தில் நின்றுவிடுகிறது. கிராமத்திலிருந்து வந்து, நகரக் குடிப்பதிவு இல்லாமல், புது மேற்கில் கட்டட வேலை பார்த்தவர்களுக்கு இந்த இலக்கியத்தில் எத்தனை பக்கம் கிடைத்திருக்கிறது என்பதையும் கேட்கவேண்டும்.

இதன் மறு எல்லையை 2023இல் வந்து பெரும் வரவேற்பைப் பெற்ற 'நீண்ட பருவம்' என்ற தொலைக்காட்சித் தொடரில் பார்க்கலாம். பான் யூ அதற்கு இலக்கிய ஆலோசகர். வடகிழக்கின் ஆட்குறைப்புக் காலம்தான் பின்புலம். ஊர் மட்டும் ஹுவாலின் என்ற கற்பனை ஊர். படமெடுத்தது பெரும்பாலும் யுன்னானில், நாட்டின் மறுகோடியில், வெயில் காயும் தென்மேற்கில். தொடர் நன்றாகவே இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. பனிக்குப் பதிலாக வெயிலை வைத்ததற்குக் கலைக் காரணமும் உண்டு. ஆனால் இதன் பொருளை யோசியுங்கள். வடகிழக்கின் துயரம் வடகிழக்கு மண் இல்லாமலேயே உற்பத்தி செய்யக்கூடிய பண்டமாகிவிட்டது. முதற்பொருள் இல்லாத உரிப்பொருள். எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் விற்கலாம்.

7

பாலைக்கென்று தனி நிலம் கிடையாது, மற்ற நிலம் இயல்பு திரிந்தால் அதுதான் பாலை என்ற கருத்து சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. தியெஷியைப் பாலை என்று பாடுகிறவர்கள் திரிந்துபோன நிலையைப் பார்க்கிறார்கள். திரிய வைத்த வெயில் எது என்று பார்ப்பதில்லை. அரசோ பாலையே இல்லை என்கிறது. மேற்கே போய்ப் பாருங்கள், புது ஆலைகள் என்கிறது. போய்ப் பார்ப்போம். பழைய முதலாம் இயந்திர ஆலை உள்ளிட்ட சில ஆலைகளை இணைத்து உருவான ஷென்யாங் இயந்திரக் கருவிக் குழுமம் 2011இல் விற்பனையில் உலகத்தில் முதலிடம். 2019இல் அதே குழுமம் திவால் மறுசீரமைப்புக்காக நீதிமன்றத்தில். 1951இல் தேசியச் சின்னம் வார்த்த ஆலையின் வாரிசு அது. 2012இல் தியெஷியில் பி.எம்.டபிள்யூ. கார் ஆலை திறந்தது, 2022இல் இன்னொன்று. அதே 2022இல் அந்தக் கூட்டு நிறுவனத்தில் ஜெர்மன் கம்பெனியின் பங்கு 50 சதவீதத்திலிருந்து 75 சதவீதமாயிற்று. ரயில் பாதைக்கு மேற்கே மூலதனம் வெளியிலிருந்து வந்து உட்காரும் பழைய கதைக்கு இது ஒரு புது அத்தியாயம். ஜப்பானிய ராணுவத்தையும் ஜெர்மன் கார் கம்பெனியையும் நான் ஒன்றாக்கவில்லை. நிலத்தின் தர்க்கம் லேசில் மாறாது என்று மேலே சொன்னேன், அதைத்தான் சொல்கிறேன்.

2009இல் ஷென்யாங் கனரக இயந்திர ஆலை பழைய இடத்தைக் காலிசெய்தபோது, கடைசி உலையில் உருக்கியதை ஊற்றி 'தியெ', 'ஷி' என்ற இரண்டு எழுத்துகளை வார்த்தார்கள். அந்த ஆலையின் ஒரு பட்டறை இப்போது கலை, கடை, காபி என்று பண்பாட்டுக் கூடம். பழைய வார்ப்பாலை 2012இலிருந்து சீனத் தொழில் அருங்காட்சியகம். தொழிலாளர் கிராமத்தின் சில கட்டடங்களிலும் பழைய வீடுகளை அப்படியே ஜோடித்துக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். 1951இல் அரசின் சின்னத்தை வார்த்த ஊர், 2009இல் தன் பெயரையே வார்த்துவிட்டு அடுப்பை அணைத்தது. இயந்திரம் செய்த இடம், பிறகு மனை விற்ற இடம், இப்போது நினைவு விற்கிற இடம். மூன்றாவது சரக்கை வாங்குகிறவர்கள் வரிசையில் படம் பார்க்கிற, கதை படிக்கிற, விமர்சனம் எழுதுகிற நாமும் நிற்கிறோம்.

வாங்கக்கூடாது என்று சொல்ல எனக்கு உத்தேசமில்லை. நினைவு இல்லாமல் நியாயம் கேட்க முடியாது. 2002 வசந்தத்தில் பக்கத்து லியாவ்யாங் நகரத்தில் இரும்புக்கலவை ஆலைத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வீதிக்கு வந்தபோது அவர்கள் கொண்டுவந்தது சோகம் அல்ல, ஒரு கணக்கு. பாக்கி எவ்வளவு, ஆலைச் சொத்து எங்கே போனது, தின்றவன் யார் என்ற கணக்கு. முன்னின்றவர்கள் சிறைக்குப் போனார்கள். இந்தக் கணக்கு இலக்கியத்துக்குள் எவ்வளவு வந்திருக்கிறது, வரவிடாமல் செய்வது எது, தணிக்கையா, சந்தையா, மகன்களின் பாசமா என்பதைத்தான் தியெஷி பற்றிய விமர்சனம் இனிமேல் பேசவேண்டும். பனி விழும் காட்சி அடுத்த முறை நம்மைக் கலங்கவைக்கும்போது கலங்கலாம், தப்பில்லை. கூடவே அந்தப் பனி விழுகிற மனை இப்போது யார் பெயரில் இருக்கிறது என்றும் கேட்டுவிட்டுக் கலங்கலாம்.